யாரும் சாகாத சமாதானம்

"அப்பா, அக்காகூட எத்தினி வருஷம் பேசாம இருக்கணும்?"

ஏழு வயதுச் சந்தியா சோறு தின்றுகொண்டே ஒருநாள் கேட்டாள். கலர் பென்சிலை அக்கா ஷாலினி உடைத்துவிட்டாளாம். அப்பா சகாயராஜ் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். மடைத் தண்ணீர்த் தகராறில் அண்ணன் ஆரோக்கியராஜோடு அவன் பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இருவருக்கும் அடுத்தடுத்த உப்புப் பாத்தி. சொல்ல வேண்டியதைக் காற்றைப் பார்த்துச் சொல்வார்கள்.

பத்து நாளாகியும் பிள்ளைகள் பேசவில்லை. பயந்துபோன மனைவி லூர்துமேரி, குடும்ப ஆலோசகர் கீதாஞ்சலியிடம் அவனை இழுத்துப் போனாள்.

கீதாஞ்சலி ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று மூன்று தலைமுறையைத் தாளில் வரைந்தாள். பேச்சு அறுந்த இடத்திலெல்லாம் சிவப்புக் கோடு. தாத்தாவும் அவர் தம்பியும். அப்பாவும் அத்தையும். அவனும் அண்ணனும். பிள்ளைகளிடம் வந்ததும் சிவப்பை வைத்துவிட்டு, பென்சிலால் லேசாகப் போட்டாள்.

"இவங்கள்லாம் எப்பங்க சமாதானம் ஆனாங்க?"

"சாவுலதாங்க. பொணத்தத் தூக்கும்போதுதான் எங்க வீட்ல பேசிக்குவாங்க."

"அப்ப சந்தியா யாரு சாவுக்குக் காத்திருக்கணும்?"

சகாயராஜ் எழுந்தான். நேரே உப்பளத்துக்கு நடந்தான். வழியெல்லாம் விரல்களில் ஜெபமாலை ஓடியது.

எதிரே வந்து நின்ற தம்பியைப் பார்த்ததும் ஆரோக்கியராஜ் கையிலிருந்த உப்பு வாரும் பலகை நழுவியது.

"டேய்... யாருடா செத்துட்டாங்க?"

"யாரும் சாவலண்ணே. அதுக்கு முன்னாடியே வந்துட்டேன்."

அண்ணன் முறைத்தார். பிறகு சிரிப்பு பீறிட்டது. "காத்துகிட்டயே பேசி வாய் காஞ்சுபோச்சுடா, எருமை!" என்று உப்புக் கையோடு கட்டிக்கொண்டார். உப்புச் சுமந்து வந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டுக் கைதட்டினார்கள். "இனிமே காத்துக்கு லீவுதான்!" என்று அவர்களில் ஒருத்தியான அஞ்சம்மாள் கத்தினாள்.

சாயங்காலம் ஆரோக்கியராஜ் முறுக்குப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"யக்கா, அப்பாவும் பெரியப்பாவும் பேசறாங்க!" என்று சந்தியா ஓடினாள். சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டது அவளுக்கு உறைத்தது.

"பென்சில் தானாதான்டி உடஞ்சிது," என்றாள் ஷாலினி.

"பொய்!"

வீடு இரண்டுபட்டது. லூர்துமேரி அந்தச் சண்டையைத் திருவிழா மேளம்போல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆள் நடமாடும் முன்பே சகாயராஜ் உப்பளத்தில் இருந்தான். இரண்டு பாத்திக்கும் நடுவே ஓடும் வரப்பு பொது. மழை கரைத்துவிட்டுப் போனால் இருவரும் சேர்ந்து கட்ட வேண்டியது. ஒன்பது வருஷமும் அண்ணன் ஒருவரே கட்டியிருந்தார். அவன் களிமண் வெட்டிப் போட்டு, முனை முதல் முனை வரை காலால் மிதித்து இறுக்கினான். பிறகு காலைக் கழுவிக்கொண்டு பூசைக்குப் போனான். அண்ணனிடம் சொல்லவில்லை.