எங்கள் வலையில் ஓட்டை

1

இந்தக் கதையை எங்கள் குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றத்தான் எழுதத் தொடங்கினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஹ்தியா துறைமுகத்தில் ஹம்ரூனி வீட்டு வலை என்றால் யாரும் விரித்துப் பார்க்காமல்தான் படகில் ஏற்றுவார்கள். இப்போது காபிக்கடையில் வேறு மாதிரிப் பேச்சு. ஆகவே முதல் வரியை இப்படி எழுதினேன்:

சிறுமியர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பந்து கம்பத்துக்கு வெளியேதான் போனது என்பதை, கோல் காத்து நின்ற என் தம்பி மகள் மராமே

வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அடித்து அழிக்கவும் மனம் வரவில்லை. கிடக்கட்டும்.

2

மறுபடி தொடங்குகிறேன். எங்கள் ஊர்ச் சிறுமியர் கால்பந்தில் யாருக்கும் கூலி கிடையாது. முடி வெட்டும் மொன்ஜிதான் நடுவர். கோடு போடும் சுண்ணாம்பை ஒருவர் தருவார். கோலுக்கு வலை தருவது ஆண்டுக்கு ஒரு படகுக் குடும்பம். போன ஆண்டு நாங்கள்.

விசில் ஊதுவதற்கு முன் நடுவர் வலையை மூலைக்கு மூலை இழுத்துப் பார்க்க வேண்டும். அது விதி. மொன்ஜி எங்கள் வலையருகே வந்தான். நாற்காலியில் நான் இருப்பதைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். மூத்த பெண்ணை மரியாதையாக லெல்லா என்பது எங்கள் ஊர் வழக்கம்.

"லெல்லா பயா, ஒங்க வலைய நான் இழுத்துப் பாக்கறதா? எங்கப்பா கபருலேர்ந்து எழுந்து வந்து அறைவாரு."

"சரி சரி, ஊது," என்றேன்.

(இழுத்துப் பார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா? விருந்து வைத்தவள் எதிரிலேயே கூஸ்கூஸை முகர்ந்து பார்ப்பீர்களா நீங்கள்? எங்கள் ஊரில் மாட்டார்கள்.)

3

எங்கள் அணிக்கும் ஹிபூன் அணிக்கும் ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியும் நேரம். ஹிபூன் அணியின் சிரின் இடக்காலால் ஓங்கி அடித்தாள். மராம் பாய்ந்தாள், எட்டவில்லை. பந்து கோலுக்குப் பின்னால் இருந்த சுவரில் மோதி நின்றது. வலை அசையவே இல்லை.

"வெளிய!" என்று மொன்ஜி கையைக் காட்டினான்.

"உள்ள போச்சு மாமா! அல்லா மேல ஆணையா!" என்று சிரின் அழுதாள்.

"கண்ணு தெரியலேன்னா ஒங்கம்மாட்ட கண்ணாடி வாங்கிப் போட்டுக்கடி!" என்றாள் எங்கள் பக்கத்து ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

நடுவர் சொன்னது சொன்னதுதான். அதுவும் விதி. கதையை இங்கேயே முடித்திருந்தால் எங்களுக்கு நல்ல கதை.

4

இனி வரும் பாத்திரத்தை நானே நம்பவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் இப்படிச் செய்வாளா? வெயிலில் அவளுக்குத் தலை சுற்றியது என்று எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. நடந்தது இதுதான்.

மராம் பந்தை எடுக்கப் போகவில்லை. இடது கம்பத்தருகே குனிந்தாள். வலைக்குள் தலையை விட்டாள், பிறகு தோளை. மறுபக்கம் முழுதாக எழுந்து நின்றாள். எங்கள் வலை வழியாக.

"மொன்ஜி மாமா, பந்து இப்படித்தான் போச்சு. எங்க வலை கிழிஞ்சிருக்கு."

"ஏய், வாய மூடுடி! அத்தை ஒக்காந்திருக்காங்க!" என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"அத்தை இருக்காங்கன்னுதான் சொல்றேன்."

கடல் சுவராக எழுந்து நின்றதைப் பார்த்தவள் நான். இனி வராது என்று நாங்கள் அழுது முடித்த படகு கரைக்கு வந்ததையும் பார்த்தேன். அப்போதெல்லாம் இப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. அவள் சின்ன முகத்தில் பயம் இருந்தது. ஆனாலும் நின்றாள். நகரத் தலைவர் வந்தபோதும் எழாத நான், நாற்காலியைவிட்டு எழுந்து

(ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. கால்கள் எழுந்தன.)

5

முடிவுகள். மொன்ஜி தன் சொல்லை மாற்றிக் கோல் கொடுத்தான், கோப்பை ஹிபூனுக்குப் போனது. இது நடந்த முடிவு.

இன்னொன்றை என் சித்தப்பா மகன் கொண்டுவந்தான்.

"அக்கா, ஹிபூன்காரன் எவனோ வலைய அறுத்துட்டான்னு ஒரு வரி சேத்துடேன். யாரு கேக்கப் போறா?"

(அந்த நூலை நானே கையில் எடுத்துப் பார்த்தேன். கத்தி பட்ட நூல் அப்படிப் பிரியாது. கம்பத்தில் உரசி உரசித் தேய்ந்தது அது.)

அந்த முடிவை எழுதவில்லை.

மூன்றாவது முடிவு இன்று மாலை. இந்த ஆண்டும் வலை கேட்டு வந்தார்கள். நானும் மராமும் உட்கார்ந்து புதிதாக முடிச்சுப் போட்டோம். வலை தொங்குகிறது. மொன்ஜி அதன் முன் நிற்கிறான், மறுபடியும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஊரே என்னைப் பார்க்கிறது.

"லெல்லா பயா, நீங்க இருக்கும்போது நான்..."

"கைய முன்னால கொண்டா. இழு. பலமா இழு."

மூலையைப் பிடித்துவிட்டான். மராம் பக்கத்தில் நிற்கிறாள்.

இங்கே நிறுத்துகிறேன். வலை தாங்கியது என்று நான் எழுதினால், ஹம்ரூனி வீட்டுக்காரி சொல்கிறாள் என்று நம்பிவிடுவீர்கள். போன ஆண்டு நடந்த தவறே அதுதான். இந்தக் கதையையும் அறுந்த இடங்களை மறைக்காமல்தான் தொங்கவிட்டிருக்கிறேன். நான் இருக்கிறேனே என்று கூச வேண்டாம். நீங்களே பிடித்து இழுங்கள்.