கண்ணாடியில் ஒரு சி மைனஸ்

ஜெரி புரூயிட் தேய்ந்துபோன சோப்புத் துண்டால் தன் சலூனின் பெரிய கண்ணாடியில் நான்காவது பெயரை எழுதி, பக்கத்தில் பி மைனஸ் என்று போட்டாள். பிறகு செய்தித்தாளை மடித்துக் கத்தரிக்கோல்களுக்கு அடியில் செருகிவிட்டு, "அவ்வளவுதான், இந்த வருஷம் ஆளு கம்மி" என்றாள். சுவரோர நாற்காலியில் இருந்த எமில் டுரோப்னிக் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவதாக ஒரு பெயர் அந்தத் தாளில் இருப்பது அவருக்குத் தெரியும். அவர் பெற்று வளர்த்த பெயர் அது.

ஜனவரியில் ஏரி உறைந்து, பேஸ்பால் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோகும் குளிரில், ஹெரான்ஸ் அணி யார் யாரைப் புதிதாக ஒப்பந்தம் செய்திருக்கிறது என்று அலசி மதிப்பெண் போடுவது இந்தச் சலூனின் வழக்கம். நாற்காலியில் துணி போர்த்தி உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் போட வேண்டும். வசந்தத்தில் முதல் ஆட்டம் நடக்கும்வரை சோப்பு எழுத்தை யாரும் துடைக்கக் கூடாது. வாடிக்கையாளர்கள் பெயர்களுக்கு நடுவே தங்கள் முகத்தைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். அணி நிர்வாகம் இவர்களை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோப்பை எப்போதோ வந்திருக்கும் என்பது பனி அள்ளும் வண்டி ஓட்டும் ஓட்டிஸ் டாலிவரின் கருத்து. ஓட்டிஸ் யாருக்கும் ஏ போட்டதில்லை. இன்றைக்கு நாற்காலியில் இருந்த ஃபாதர் மாலகி யாருக்கும் ஏ-க்குக் குறைந்து போட்டதில்லை. அதனால் அவர் போடுவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"ஜெரி, இன்னொருத்தன் இருக்கான்ல" என்றார் எமில்.

ஃபாதர் சோப்பு நுரைக்குள் இருந்து கண்ணாடி வழியாக ஜெரியைப் பார்த்தார். ஜெரி ஓட்டிஸைப் பார்த்தாள். ஓட்டிஸ் தன் பனிக்காலணியைப் பார்த்தார்.

"வின்ஸா? அவன் நம்ம வீட்டுப் புள்ளை எமில்" என்றாள் ஜெரி. "அவனுக்கு என்ன மார்க்கு?"

"மத்தவனுங்க மட்டும் யாரு வீட்டுப் புள்ளைங்க? எழுது."

அவள் எழுதினாள். ஃபாதர் ஏ என்றார். ஜெரியும் ஏ என்றாள். ஓட்டிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்ல பையன். ஏ போட்டுக்க" என்றார்.

எமிலுக்குச் சுருக்கென்றது. இந்தக் குரலை அவர் முன்பு கேட்டிருக்கிறார். மனைவி மோரீனை அடக்கம் செய்த அன்று இதே மூன்று பேர் இதே குரலில்தான் பேசினார்கள். அப்புறம் பதிமூன்று வருடங்களாக வின்ஸைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அதே சாவு வீட்டுக் குரல்தான். "பையன் எப்படி இருக்கான்? இன்னும் ஆடுறானா?" ஆமாம், ஆடுகிறான், பேர் தெரியாத ஊர்களில், பழைய பேருந்துகளில் தூங்கி எழுந்து, முந்நூறு பேர் பார்க்கும் கீழ்நிலை ஆட்டங்களில் பந்து வீசுகிறான். பெரிய அணி எதுவும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதால் இந்தச் சலூனும், மனம் நோகக் கூடாதென்று, அவன் ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மற்ற பந்து வீச்சாளர்களை அம்மா அப்பாவோடு சேர்த்துத் திட்டுகிற வாய்கள், அவனுக்கு மட்டும் பூட்டிக்கொண்டன. போன மாதம் ஹெரான்ஸ் அவனை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தபோது கேக்கோடு வந்து கட்டிப்பிடித்தார்கள். எமிலும் அழுதார். ஆனால் அவர் காத்திருந்தது கேக்குக்கு அல்ல, மதிப்பெண் போடும் இந்தச் சனிக்கிழமைக்கு.

"அப்ப நான் போடுறேன்" என்று எழுந்தார். "எஃப்."

"யோவ்!" என்றாள் ஜெரி.

"முப்பத்திரண்டு வயசு. முழங்கால்ல ஆபரேஷன். பந்து வேகமே இல்ல. அவனைப் போய் எடுத்திருக்கானுங்க பாரு, அறிவு கெட்டவனுங்க. எஃப்."

ஓட்டிஸ் தலையை நிமிர்த்தினார். யார் சொன்னாலும் தப்பான வாதத்தைக் கேட்டுச் சும்மா இருக்க அவரால் முடியாது. அது அவருக்கு வியாதி.

"எஃப்பா? உனக்கு மூளை இருக்காய்யா? அவன் இடக்கைக்காரன். இடக்கை மட்டைக்காரனுக்கு அவன் பந்து பிடிபடாது. அப்படி ஒருத்தன் வந்தா, அவனுக்கு மட்டும் வீசிட்டு உட்கார்ந்துக்குவான்..."

"இப்பதான் விதியை மாத்திட்டானுங்களே. குறைஞ்சது மூணு பேருக்கு வீசியே ஆகணும்."

"அதேதான் நானும் சொல்ல வந்தேன்! மீதி ரெண்டு பேரும் வலக்கைக்காரனா இருந்தா உன் புள்ளையைத் துவைச்சுக் காயப் போட்டுருவானுங்க. ஆனா அந்த ஒருத்தனையாவது அவுட் ஆக்கிடுவான். அதனால எஃப் இல்ல. டி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஓட்டிஸுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

எமிலின் முகம் மலர்ந்தது. "டி-யா? எந்த வாயால சொல்ற? நடு ஆட்டத்துல திடீர்னு மெதுவா ஒரு பந்து வீசுவானே, அதைப் பார்த்திருக்கியா நீ?"

"பார்த்தேன், பார்த்தேன். அதை ஃபாதரே குடையால அடிப்பார்."

"பெரிய குடை எதுக்கு, சின்னதே போதும்" என்றார் ஃபாதர் நுரைக்குள்ளிருந்து. வாழ்நாளில் முதன்முறையாக யாரையோ குறை சொல்லிவிட்ட அதிர்ச்சியில் தானே சிரித்துவிட்டார். ஜெரி சவரக்கத்தியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள்.

அதற்கப்புறம் அணை உடைந்தது. ஜெரி ஃபாதரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு இப்படி ஒருத்தன் கிடைத்தால் லாபம்தான், முழங்காலை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றாள். ஓட்டிஸ் அந்த முழங்காலைத் தன் வண்டியின் பழைய கியர்பெட்டியோடு ஒப்பிட்டார். எமில் மேசையைத் தட்டினார். மகன் பந்தை விடும்போது மணிக்கட்டைத் திருப்பும் விதத்தை ஒரு சீப்பை வைத்து வீசிக் காட்டினார். சீப்பு போய் விளக்கில் பட்டது.

"காக்காய்க்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு!" என்று கத்தினார் ஓட்டிஸ்.

"ஆமாய்யா, பொன் குஞ்சுதான்! அதுக்கு இப்ப என்ன?" என்று கத்தினார் எமில். அவர் கண்ணில் நீர் நின்றது, உடம்பெல்லாம் சந்தோஷம். ஊர்க்காரர்கள் வாயாரத் திட்டும் ஒரு ஆட்டக்காரனுக்கு அப்பன் ஆகிவிட்டார் அவர்.

கடைசியில் எல்லாம் கூட்டிக் கழித்து சி மைனஸ் என்று தீர்ந்தது. "மைனஸை எடுத்துடு" என்று எமில் கேட்டார். முடியவே முடியாது என்றார் ஓட்டிஸ். ஜெரி மைனஸை இன்னும் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டாள்.

அப்போது எமிலின் போன் அடித்தது. வின்ஸ். பயிற்சி முகாமுக்காக ஃபுளோரிடாவை நோக்கிக் காரில் போய்க்கொண்டிருந்தான்.

"அப்பா, சலூன்லயா இருக்க? இன்னிக்கு மார்க்கு போடுற நாள்ல?"

எமில் ஒலியைக் கூட்டிப் போனை மேசைமேல் வைத்தார்.

"எனக்கு என்ன போட்டாங்க?"

ஓட்டிஸ் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"சி மைனஸ்" என்றார் எமில்.

வண்டிச் சத்தத்துக்கு மேல் வின்ஸின் குரல் உயர்ந்தது.

"ஓட்டிஸ் மாமா எவ்வளவு போட்டாரு?"

"டி. உன் மெதுபந்தை ஃபாதர் குடையால அடிப்பாராம்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. வின்ஸ் காரை ஓரம் கட்டினான் போலிருக்கிறது. வண்டிச் சத்தம் நின்றும் சிரிப்பு நிற்கவில்லை. அப்புறம் குரல் மாறியது.

"அப்பா... நிஜமாவே கண்ணாடியில எழுதியிருக்கா?"

எமில் கண்ணாடியைப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடிகள்மேல் பலகையைப் போட்டு ஜெரியின் அப்பா சிறுவன் வின்ஸை உட்கார வைத்து முடிவெட்டிய காலத்தில், அவன் தலையை ஆட்டாமல் இருந்ததே இந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்காகத்தான்.

"எழுதியிருக்குடா."

"வின்ஸ்னா?"

"இல்லடா. எல்லாரையும் மாதிரி, டுரோப்னிக்னு."

ஓட்டிஸ் போன் பக்கம் குனிந்து, "வலக்கைக்காரனுங்களுக்கு மட்டும் பார்த்து வீசுடா, முட்டாப் பயலே" என்றார்.

"சரி மாமா" என்றான் வின்ஸ்.

பாதிச் சவரத்தோடு காத்திருந்த ஃபாதருக்காக ஜெரி வெந்நீர்த் துண்டை எடுத்துப் பிழிந்தாள். ஆவி எழுந்து கண்ணாடி முழுக்கப் படர்ந்தது. ஃபாதரின் முகம் மறைந்தது, ஓட்டிஸின் முகம் மறைந்தது, எமிலின் முகமும் மறைந்தது. சோப்புத் தேய்த்த இடங்களில் மட்டும் ஆவி ஒட்டவில்லை. ஐந்து பெயர்களும் அவற்றின் மதிப்பெண்களும் தெளிவாக நின்றன. கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு.