நர்ஸ் அறையில் தமிழ்

கொல்கத்தாவின் டாக்குரியாவில் ஒரு பள்ளியின் நர்ஸ் ஜெயப்ரியா. தமிழ்க் குழந்தை யாராவது வந்துவிட்டால் அவள் வாய் சும்மா இருக்காது. இரண்டாம் வகுப்பு சுபிக்ஷா வயிற்றுவலி என்று வந்து நின்றதும், "வா கண்ணு, எங்க வலிக்குது?" என்று ஆசையாகக் கேட்டாள்.

சுபிக்ஷா சட்டென்று கைகளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஜெயப்ரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தச் சித்திரை வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர் எதற்கு என்பதும் அப்போதுதான் உறைத்தது. வகுப்பில் பெங்காலியில் ஓயாமல் பேசுகிற பெண் இவள். தமிழ் கேட்பது வீட்டில் மட்டும்தான். அங்கே கேட்கிற தமிழ் எப்படிப்பட்டதோ!

ஜெயப்ரியா தரையில் உட்கார்ந்து பெங்காலியில் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டர் கை தானாக மேலே ஏறியது. பெல்ட் பதிந்த தடங்கள். அப்பா அடித்தது என்றாள் சுபிக்ஷா.

"யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல, தீதி?" என்று பெங்காலியிலேயே கேட்டாள்.

பொய் சொல்ல ஜெயப்ரியாவுக்கு மனம் வரவில்லை. "சொல்லத்தான் போறேன். உன்னைப் பத்திரமா பார்த்துக்கறவங்ககிட்ட மட்டும்."

விஷயத்தைக் கேட்ட தலைமையாசிரியை, "அப்பா பெரிய ஆபீசராச்சே, முதல்ல அவர்கிட்ட பேசலாமா?" என்று இழுத்தார்.

"அடிச்சவர்கிட்டயேவா, மேடம்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு, அவர் எதிரிலேயே குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் செய்தாள் ஜெயப்ரியா.

மாலையில் உதவி மையத்திலிருந்து ஒரு பெண் சுபிக்ஷாவை அழைத்துப்போக வந்தாள். கிளம்பும்போது சுபிக்ஷா ஜெயப்ரியாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, அன்று முதல்முறையாகத் தமிழில் கேட்டாள்.

"அக்கா, நீங்களும் வரீங்களா?"

ஜெயப்ரியா அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.