முன் சீட்டுக்காரர்

காரை விற்ற லின் எதையும் மறைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் அந்த அம்மாளைக் குறை சொல்லக் கூடாது. மறைத்தவள் நான்.

டௌரங்காவில் அவர் வீட்டு வாசலில் நின்றது அந்தக் கார். வெள்ளி நிறம், பதினெட்டு வருடப் பழசு, ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி நியூஸிலாந்து வந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். எங்கள் நாட்டில் பாதிக் கார்கள் இப்படித்தான் பேசுகின்றன, என்ன சொல்கின்றன என்று யாரும் கவலைப்படுவதில்லை. குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தேன், துரு இல்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன், சுத்தம். தகுதிச் சான்று போன வாரம்தான் வாங்கியிருந்தார்கள். விலை இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர். இப்படியொரு வண்டி நாலாயிரத்துக்குக் குறைந்து எங்கேயும் கிடைக்காது.

"ஏன் இவ்வளவு கம்மி?" என்று நேராகவே கேட்டேன்.

"இந்தா பாரும்மா, சொல்லிடறேன்." அவர் இடது பக்க முன் சீட்டைக் காட்டினார். "என் வீட்டுக்காரர் இதுலதான் போனாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினோம். வழியில சிவப்பு விழுந்துச்சு, நின்னேன். பச்சை விழுந்ததும் திரும்பிப் பார்க்கறேன், மனுஷன் இல்ல. உனக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க. மூணு பேரும் உங்க ஆளுங்கதான். இதைச் சொன்னதும் கொடுத்த காபியைக்கூடக் குடிக்காம எழுந்து போயிட்டாங்க."

எங்கள் ஆட்கள் என்றால் மாவோரிகள். அந்த மூன்று பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். சாவு தொட்ட பொருளை, தண்ணீரும் ஜெபமும் தொடும்வரை நாங்கள் தொட மாட்டோம். நானும் எழுந்து போயிருக்க வேண்டியவள்தான். ஆனால் அந்த மூன்று பேருக்கும் என் தம்பி மாதிரி ஒரு தம்பி இருந்திருக்க மாட்டான்.

தம்பி பெயர் ஹோஹெபா. வயது ஐம்பத்திரண்டு, சர்க்கரை வியாதியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். தே காஹாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கடலை ஒட்டி வளைந்து வளைந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இத்தனை நாள் வேனில் கூட்டிப்போன நல்ல மனிதருக்கு முதுகு விட்டுப்போய், வெள்ளிக்கிழமைதான் கடைசி ஓட்டம் என்று சொல்லிவிட்டார். என் பழைய காரோ அடித்தட்டு துருவேறி, சான்று கிடைக்காமல் கொல்லையில் கோழி அடைய நிற்கிறது.

வேன் நிற்கப்போகிறது என்று சொன்னபோது ஹோஹெபா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. போன மாதம் ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பக்கத்து நாற்காலி ஆள் இறந்ததிலிருந்து இவன் ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். இரண்டு முறை போகாமல் படுத்துக்கொண்டான். "உடம்பு அசதியா இருக்குக்கா" என்பான். ஒரு சாக்கு கிடைத்தால் போதும், மொத்தமாக நிறுத்திவிடுவான். நிறுத்தினால் பத்துப் பதினைந்து நாள். அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சங்கடம், எங்கள் கரையில் யார் புதுக் கார் வாங்கினாலும், யார் வீட்டில் சாவு விழுந்தாலும், தண்ணீர் தெளித்து ஜெபம் சொல்லக் கூப்பிடுவது ஹோஹெபாவைத்தான். அவனிடம் போய் இது ஆள் செத்த வண்டி என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஏற மாட்டான். ஏறாவிட்டால் செத்துப்போவான். பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கினேன். வீடு வரும்வரை இடது பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"யார் வண்டிக்கா?" என்று கேட்டான், ஜன்னலிலிருந்து.

"டௌரங்காவுல ஒரு வயசான அம்மாவுது."

"அவங்க ஏன் விக்கறாங்க?"

"கேள்வி கேட்டே என்னைக் கொல்லாதடா. போய்ப் படு."

"சரி, நாளைக்கு ஒரு ஜெபம் சொல்லிடறேன்."

"முதல்ல கழுவறேன். அழுக்கு வண்டிக்கு என்ன ஜெபம்?" என்று வாயை அடைத்தேன்.

வெள்ளிக்கிழமை பழக் கிடங்கில் வேலை முடிந்து வந்ததும் ஆரம்பித்தேன். வெளியே பெரிய வேலை இல்லை, கடற்காற்றின் உப்பும் பறவை எச்சமும்தான். உள்ளே எப்போதோ ஒரு நாய் வாழ்ந்திருக்கிறது. விரிப்பில் அதன் முடி ஊசி மாதிரி குத்திக்கொண்டு வராமல் அடம் பிடித்தது. ரப்பர் கையுறையை ஈரமாக்கி ஒரே பக்கமாகத் தேய்த்தால் திரண்டு வரும், அப்படித்தான் எடுத்தேன். ஏசி துவாரங்களைப் பழைய டூத் பிரஷால் குடைந்தேன். கண்ணாடிகளை வினிகர் போட்டுத் துடைத்தேன். சனிக்கிழமை பின் சீட்டைக் கழற்றி வெயிலில் போட்டேன். இடது முன் சீட்டின் பக்கம் மட்டும் போகவே இல்லை.

ஹோஹெபா வாசற்படியில் உட்கார்ந்து கேலி பேசினான். "அக்கா, போதும்கா, பெயின்ட் கழண்டு கையோட வந்துடும். ஊசி குத்திக்கப் போற வண்டிதானே, கல்யாண ஊர்வலமா போகப்போறோம்?"

"உன் வாயையும் இதே பிரஷால தேய்க்கணும்டா."

ஞாயிறு மதியம் வேறு வழியில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கதவைத் திறந்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு மூக்குக்கண்ணாடி, நாலு புதினா மிட்டாய், தூண்டில் ஈயக்குண்டு ஒன்று. அவற்றை ஒரு டப்பாவில் போட்டேன். சீட்டின் மேல் சோடா மாவைத் தூவி, வெந்நீரில் சோப்பைக் கரைத்து, தேய் தேய் என்று தேய்த்தேன். மனதுக்குள் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டபடியே தேய்த்தேன். பெயர்கூடத் தெரியாமல் என்ன மன்னிப்பு! ஈரம் ஊறி வழிந்தது. கந்தல் எல்லாம் தீர்ந்துபோய், சமையலறைக்குள் ஓடி, கதவோரம் இருந்த பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வந்து ஒற்றி எடுத்தேன்.

அள்ளியதில் ஏழாவது துணியைப் பிழியும்போதுதான் ஓரத்தில் சிவப்பு நூல் தையலைப் பார்த்தேன்.

ஐயோ, என்னை என்னவென்று சொல்ல! அவை எங்கள் மராயின் துணிகள். ஊர் கூடும் அந்தக் கூடத்தில், விருந்துக்கும் சாவுக்கும் இருநூறு பேர் சாப்பிட்ட தட்டுகளைத் துடைக்கிறவை. இந்த மாதம் துவைத்துக் கொடுப்பது என் முறை. எங்கள் வீடுகளில் தட்டு துடைக்கிற துணியை உடுப்புகளோடு சேர்த்துக்கூடத் துவைக்க மாட்டோம், ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும். சோறு படும் துணி வேறு, உடம்பு படும் துணி வேறு. நான் ஐம்பத்தேழு வயதில், ஊர்த் தட்டு துடைக்கிற துணியால் ஒரு சாவைத் துடைத்திருக்கிறேன்.

காரைப் பற்றிய பொய்யை விழுங்க முடிந்த எனக்கு இதை விழுங்க முடியவில்லை. துவைத்துத் திருப்பிக் கொடுத்தால் ஊரே அதில் தட்டு துடைத்துச் சாப்பிடும். நினைக்கவே உடம்பு கூசியது. அந்த ஏழு துணிகளையும் கொல்லைக்குக் கொண்டுபோய், குப்பை எரிக்கும் பீப்பாயில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன்.

புகை வாசனைக்கு ஹோஹெபா தடியை ஊன்றிக்கொண்டு வந்தான். பீப்பாய் விளிம்பில் ஒரு முனை இன்னும் எரியாமல் தொங்கியது, சிவப்புத் தையலோடு.

"மராய் துணியா அது?"

"தெரியாம கார் துடைச்சிட்டேன்டா. திரும்ப அனுப்ப முடியாது."

"கார் துடைச்சா கந்தலா வெச்சுக்கலாமே. எரிப்பானேன்?" தீயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தலையைத் திருப்பிக் காரைப் பார்த்தான், ஒரு பக்கக் கதவு மட்டும் திறந்திருந்ததையும் பார்த்தான். "அக்கா. அதுல யாரு செத்தது?"

எத்தனை சாவு வீட்டில் நின்றவன் அவன். அவனிடமா மறைப்பது?

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் சிவந்தது.

"மூணு நாளா ஒரு மனுஷன் நம்ம வாசல்ல உக்காந்திருக்காரு. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல, போயிட்டு வாங்கன்னும் சொல்லல. நீயெல்லாம் என் அக்காவா? என்கிட்டயே பொய் சொல்ற!"

"ஆமாடா, சொன்னேன்! திரும்பவும் சொல்லுவேன்! உண்மையைச் சொன்னா நீ ஏற மாட்டே. சாக்குக் கிடைச்சுதுன்னு படுத்துக்குவே. வேன் நிக்குதுன்னதும் உன் மூஞ்சியில சந்தோஷத்தைப் பார்த்தேன்டா நான். அம்மா போயாச்சு, அப்பா போயாச்சு, நீயும் போயிட்டா நான் யாரைத் திட்டிக்கிட்டு இருப்பேன்?" அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அவன் துணி எரிந்து முடியும்வரை நின்றான்.

"அவர் பேர் என்ன?" என்று கேட்டான்.

"தெரியாது."

"வண்டியை வாங்கத் தெரிஞ்சுது, பேரைக் கேக்கத் தெரியல. போனைப் போடு."

லின் எடுத்ததும் நான் திக்கித் திணறி யாரென்று சொன்னேன். வண்டியில் ஏதோ கோளாறு என்று அவர் பயந்துவிட்டார். ஹோஹெபா போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"வண்டி நல்லா இருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் பேர் என்னன்னு கேக்கத்தான் கூப்பிட்டோம்."

"கிரேம்," என்றார். "எதுக்குப்பா?"

"அவர் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினாரு, போய்ச் சேரல. நாளைக்கு நாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். வேற ஆஸ்பத்திரிதான், பரவாயில்ல. கொண்டுபோய் விட்டுட்டு, அங்கேயே ஜெபம் பண்ணி அனுப்பி வெச்சுடறேன். உங்களுக்குச் சம்மதமா?"

லின் அழுதார். அழுதுகொண்டே, "அவருக்கு வேகமா ஓட்டினா பிடிக்காது," என்றார். மூக்குக்கண்ணாடியைத் தபாலில் அனுப்புவதாக நான் சொன்னேன்.

அப்போதும் எனக்கு நம்பிக்கை இல்லை. இரவு பேசியதைக் காலையில் மறுப்பதில் ஹோஹெபா கெட்டிக்காரன். ஆனால் ஆறு மணிக்கு நான் வெளியே வந்தபோது அவன் பையோடும் ஒரு பாட்டில் தண்ணீரோடும் காரருகில் நின்றான். முன் கதவைத் திறந்து, குனிந்து, "கிரேம், மன்னிச்சுக்கோங்க, எங்க அக்காவுக்கு மரியாதை தெரியாது," என்று சொல்லி, காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். பிறகு பின்னால் ஏறிக்கொண்டான். சாவியைத் திருப்பினேன். ஜப்பான்காரி பேசினாள்.

"அவளுக்கும் வணக்கம் சொல்லு," என்றான் பின்னாலிருந்து.

அறுபதைத் தாண்டாமல் ஓட்டினேன். பின்னால் வந்த மர லாரிக்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஹோஹெபா இறங்கி, முன் பெல்ட்டைக் கழற்றி, கதவை அகலத் திறந்தான். "கிரேம், வந்துட்டோம். எறங்குங்க." ஒரு வயதானவர் இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் எங்கள் மொழியில் ஜெபம் சொன்னான், சீட்டிலும் கதவிலும் என் தலையிலும் தண்ணீர் தெளித்தான். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து நன்றாக அழுதேன்.

மதியம் வெளியே வந்தவன் கையில் இறைச்சி அடைத்துச் சுட்ட பஃப் ஒன்று இருந்தது. நேராக வந்து முன் சீட்டில் உட்கார்ந்தான்.

"டேய், உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"ஒரே வாய்தான்கா. சாப்பாடு பட்டாத்தான் சீட்டுல இருக்கற சாவுத் தீட்டு முழுசா கழியும், உனக்குத் தெரியாதா?" பாதியைப் பிட்டு என்னிடம் கொடுத்தான், ஒரு வாய் கடித்தான். மேலோடு உதிர்ந்து, நான் மூன்று நாள் தேய்த்த வண்டியெங்கும் சிதறியது. அவன் அதைத் தட்டிவிடக்கூட இல்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

"புதன்கிழமை அஞ்சே முக்காலுக்கே கெளம்பிடலாம்கா," என்றான். "நீ ஓட்டற வேகத்துக்கு ஆறு மணி பத்தாது."

நான் அவனைத் திட்டவில்லை. சாவியைத் திருப்பினேன்.