நெத்தலியில் எழுதிய ஆட்சேபனை

கடதாசி செல்லாது என்பதை அன்ரனிதாஸ் ஒரு கடதாசியில் எழுதித்தான் ஒட்டியிருந்தான். 2005ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஊர்காவற்றுறையில், எங்கள் கரையின் மீனவர் சங்கத்துக் கதவில். சங்கத்துக்கு அவன்தான் காரியதரிசி.

அறிவித்தல் சின்னது. இறங்குதுறைக்குப் பக்கத்தில் பிலோமினம்மாவின் வாடி நிற்கிற நிலத்தை, பட்டணத்திலிருந்து ஐஸ் லொறியோடு வருகிற நண்டு வியாபாரிக்குக் கொடுக்கப் போகிறார்கள். ஆட்சேபனை உள்ள அங்கத்தவர்கள் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன் தெரிவிக்கலாம். ஆனால் ஆட்சேபனை சங்கத்துக் கணினிக்குள் இருக்க வேண்டும். கடதாசி ஏற்கப்படாது.

வாடி என்பது ஓலையால் வேய்ந்த ஒரு கொட்டிலும் அதற்கு முன்னால் மீன் காயப்போடுகிற மணலும். இடம்பெயர்ந்து திரும்பி வந்த தொண்ணூற்றாறிலிருந்து பிலோமினம்மாவும் மகள் ஜெனீற்றாவும் அந்த மணலில் மீன் காயவைத்துத்தான் சீவித்தார்கள். மற்றப் பக்கமெல்லாம் சேறும் சாதாளைக் கடற்புல்லும். அங்கே மீன் காயாது, அழுகும். அந்த நிலம் போனால் அவர்கள் இருவரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

கணினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன மார்கழிக் கடற்கோள் எங்கள் கரைக்கு வரவில்லை, கணினிதான் வந்தது. வெளிநாட்டு உதவிக்காரர் யாரோ தந்தது. அன்ரனிதாஸ் அதற்கு பூப்போட்ட சீலை தைத்துப் போர்த்தினான். வேறு யாரும் தொடக் கூடாது. டிஸ்க் கொண்டுபோனால் கணினிக்கு வைரஸ் புழு பிடிக்கும் என்று வாங்கமாட்டான். சங்கத்து ஜெனறேற்றரை ஓடவிட்டுக் காலை தொடக்கம் பின்னேரம் வரை அதில் தனியே சீட்டு விளையாடுவான். தோற்றால் கணினி களவு செய்ததாகத் தலைவரிடம் முறைப்பாடும் சொல்லுவான்.

பிலோமினம்மா கடிதத்தோடு போனாள். அவன் கையை நீட்டவேயில்லை.

“உள்ளுக்கை இருக்கவேணும், பிலோமினக்கா,” என்றானாம். “எப்பிடி உள்ளுக்கை போறதெண்டு என்னட்டைக் கேளாதேங்கோ.”

அவள் அழுதுகொண்டு வரவில்லை. கடிதத்தை நாலாய் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். காரணம் இருக்கிறது. கம்பியில்லாத் தொடர்பு எனக்குப் புதிதல்ல. நெடுந்தீவில் நின்று முகம்பார்க்கும் கண்ணாடி வெளிச்சத்தால் நயினாதீவில் ஒரு ஆட்டுக்கு விலை பேசியவன் நான். விலை கட்டாது என்று அங்கே ஆடே தலையாட்டியது.

“எமிலியண்ணை, அந்தப் பெட்டிக்குள்ளை நான் போகவேணும்,” என்றாள்.

அந்தக் கணினித் திரையில் அன்ரனிதாஸ் மாலையோடு நிற்கிற படம் ஒன்று எப்போதும் இருக்கும். அது எப்படி உள்ளே போனது என்று ஜெனீற்றாவைக் கேட்டேன். தன் கைத்தொலைபேசியில் எடுத்தது, புளூரூத்தில் அனுப்பினது என்றாள். பாரிசிலிருந்து தமையன் அனுப்பிய போன் அது. எங்கள் கரையில் அதற்கு சிக்னல் இல்லை. கோவில் மணிக்கூண்டில் ஏறினால்தான் கொஞ்சம் வரும். ஆனால் இந்தப் புளூரூத்துக்குக் கோபுரமும் தேவையில்லை, கம்பெனியும் தேவையில்லை. கணினியில் செருகிய பெருவிரலளவு சாமான் ஒன்று நீலமாய் மின்னும். அது பத்து மீற்றருக்குள் நிற்கிற போனோடு தானாகக் கதைக்கும்.

அந்தச் சாமானோடு வந்த ஆங்கிலக் கையேட்டை அன்ரனிதாஸ் மேசைக்கால் ஆடாமலிருக்க அடியில் கொடுத்திருந்தான். அதற்குப் பதிலாக ஒரு நல்ல பூவரசங்கட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தோசமாகக் கையேட்டைத் தந்தான். மூன்று நாள் அகராதியோடு வாசித்தேன். விளங்கியதைச் சொல்கிறேன்.

இரண்டு சாமான்கள் முதன்முதலில் கதைக்க வேண்டுமென்றால் சோடி சேர வேண்டும். இரண்டிலும் ஒரே இலக்கத்தை அடிக்க வேண்டும். கோவிலில் இரண்டு பேரும் ஒரே வாக்கைச் சொல்லுவது மாதிரி. அன்ரனிதாஸ் தன் படத்துக்காக ஜெனீற்றாவின் போனோடு கணினியைச் சோடி சேர்த்தவன். அது மட்டுமல்ல, படம் கெதியாய் வர வேண்டுமென்று, ‘இந்தப் போனிலிருந்து எது வந்தாலும் கேளாமல் ஏற்றுக்கொள்’ என்ற பெட்டிக்கும் சரி போட்டவன். ஒரு மாலைக்காகக் கதவுத் திறப்பையே கொடுத்திருக்கிறான்.

அடுத்த பிரச்சினை எழுத்து. கடிதத்தைப் படமெடுத்தால் எறும்பு ஊர்ந்தமாதிரித் தெரிந்தது. அந்தப் போனின் கண் அவ்வளவுதான். எழுத்துப் பெரிதாக வேண்டும். பிலோமினம்மா வாடிக்குள் போய்ப் பாயை விரித்தாள். கூடையிலிருந்த நெத்தலியை அள்ளி, ஒவ்வொன்றாய் அடுக்கி எழுதத் தொடங்கினாள்.

முதலில் அவள் அன்ரனிதாஸின் பாட்டனார் செய்த அநியாயத்திலிருந்து தொடங்கப் பார்த்தாள். அந்தக் கணக்குக்குத் திமிங்கிலம் வேண்டும், நெத்தலி காணாது என்று சொல்லிச் சுருக்கினோம். கடைசியில் எட்டுப் பாய், பாய்க்கு ஒரு சொல்: ‘இந்த வாடி பிலோமினாவுடையது. இங்கே மீன் காய்கிறது. போக மாட்டேன்.’ நெத்தலி சொல்வழி கேட்கிற மீன், வளைத்தால் வளையும். எட்டாவது பாயில் ஒரு காகம் வந்து முற்றுப்புள்ளியைத் தூக்கிக்கொண்டு போனது. ஆட்சேபனைக்கு அது தேவையில்லை என்றாள் பிலோமினம்மா. ஒன்பதாவது படம் கையொப்பத்துக்குப் பதிலாக அவளே வாடி வாசலில் நிற்கிற படம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்துக்குப் போனோம். கரையில் இரகசியம் இருக்காது, அவனுக்கு முன்னமே தெரிந்திருந்தது. வாசலுக்கு வந்து நின்றான்.

“எமிலியண்ணை, செற்றிங்ஸிலை போய்க் கொம்பியூட்டரை ஒளிச்சுப்போட்டன். மற்றவை காணலாம் எண்ட சரியை எடுத்தாச்சு. இனி ஊரே திரண்டு வந்து தேடினாலும் காண ஏலாது.”

கதவையும் யன்னலையும் சாத்திவிட்டுச் சீட்டாட்டத்துக்குத் திரும்பினான். ஜெனீற்றா போனில் தேடினாள். ஒன்றும் வரவில்லை. எனக்குக் கையேடு முழுவதும் மறந்துபோனது. எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போவோம் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

“பொறுங்கோ மாமா,” என்றாள் ஜெனீற்றா. “தேடுறது தெரியாத ஆக்களை. இது ஏற்கெனவே சோடி சேர்ந்தது. ஒளிச்சாலும் எங்களுக்கு விலாசம் தெரியும்.”

பழைய பட்டியலைத் திறந்தாள். சங்கத்துக் கணினியின் பெயர் அங்கே இருந்தது. பத்தொன்பதாம் பக்கத்திலும் இதுதான் எழுதியிருந்தது. ஒளிப்பது அந்நியருக்கு மட்டும்தான். சோடியை அறுக்க வேண்டுமானால் பட்டியலில் பெயரையே அழிக்க வேண்டும். அல்லது அந்த நீலச் சாமானைக் கழற்ற வேண்டும்.

முதல் படம் பாதி வழியில் நின்றது. பத்து மீற்றர் என்றால் கடற்காரர் கணக்கில் ஐந்தரைப் பாகம். நாங்கள் நின்றது எட்டுப் பாகத்தில், நடுவில் சுவர் வேறு. வலைக்கயிற்றால் அளந்து யன்னலோரம் போய்க் குந்தினோம். ஒரு படம் போக ஒரு கோப்பி குடிக்கலாம். அவன் உள்ளே சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான். ஒன்பதும் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

நேரம் முடிய முன்னமே நிர்வாகக் குழுவின் ஏழு பேரும் வந்து இருந்துவிட்டார்கள். ஆட்சேபனை ஒன்றும் இல்லை என்றான் அன்ரனிதாஸ்.

“திறந்து பாரும்,” என்றாள் அவர்களோடு உள்ளே வந்த பிலோமினம்மா.

வந்த கோப்புகள் என்று ஒரு பெட்டி இருக்கும் என்று ஜெனீற்றா யன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட்டுச் சொன்னாள். தலைவர் அதைத் திறக்கச் சொன்னார். பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் விரிந்தன. தலைவர் உரத்து வாசித்தார். மற்றவர்கள் மீனைப் பார்த்தார்கள். நல்ல நெத்தலி என்றார் ஒருவர்.

“மீன் கடிதமாகாது,” என்றான் அன்ரனிதாஸ்.

“கடதாசி வேண்டாமெண்டனீர், கடதாசி இல்லை. உள்ளுக்கை இருக்கவேணுமெண்டனீர், இருக்கு. இன்னும் என்ன வேணும்?” என்று கேட்டாள் பிலோமினம்மா.

அவன் ஒன்பதையும் அழித்தான், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கவே. பிலோமினம்மா யன்னல் பக்கம் திரும்பினாள்.

“பிள்ளை, திருப்பி அனுப்பு. அவர் அழிக்க அழிக்க அனுப்பு. எனக்கு இண்டைக்கு வேறை வேலையில்லை.”

முதல் பாய் மறுபடி வந்தது. அழித்தான். மறுபடி வந்தது. பட்டியலில் பெயரை அழிக்க அவனுக்குத் தெரியாது. நீலச் சாமானைக் கழற்றக் கை போனது. தலைவர் அந்தக் கையைப் பிடித்தார்.

“விடும் அன்ரனிதாஸ். நீர் அழிக்கிறதை நாங்கள் ஏழு பேர் பாத்திட்டம். நேரத்துக்கு முன்னமே வந்திருக்கு.”

நிலம் பிலோமினம்மாவுக்கே என்று ஏழு கைகள் உயர்ந்தன. அன்ரனிதாஸ் கூட்டக் கொப்பியை விரித்துப் பேனையைத் திறந்தான். அவள் கொப்பியை மூடினாள். தீர்மானத்தையும் உள்ளுக்கை எழுதும் என்றாள்.

கணினியில் அதுவரை ஒரு சொல்லும் அடித்தறியாதவன் ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி ஒற்றை விரலால் அடித்தான். பன்னிரண்டு மணி கோவிலில் அடித்து ஓய்ந்தது. குழுவில் யாரோ கதிரை கொண்டுவந்து வைத்தார்கள். பிலோமினம்மா இருக்கவில்லை. தன் பெயர் முழுதாய் வந்து, நிலத்தின் எல்லை நாலு பக்கமும் வந்து முடியும்வரை, அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.