கோடு வளைந்த இடம்

பாடை தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் அவர்கள் போகும் வழக்கமில்லை. எல்லோரும் வீட்டுக்குத் திரும்ப, அருள்மொழி மட்டும் அப்பாவின் உப்பளம் இருக்கும் திசையில் நடந்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. நேற்று மதியம் சென்னைக்குச் சேதி வந்ததிலிருந்தே மனசு மரத்துக் கிடந்தது.

"ஏய் அருளு, எங்கடி போற? தலை முழுவணும்." பொன்னி பின்னாலேயே ஓடிவந்தாள். அப்பாவோடு பதினைந்து வருஷம் உப்பு வாரியவள்.

"அப்பா வுழுந்த எடத்தைக் காட்டுக்கா."

காலையிலிருந்து அம்மா ஞானாம்பாள் ஒரே கேள்வியைத்தான் கேட்டு அழுதாள். "வேலை முடிச்ச மனுஷன் உச்சி வெயில்ல அந்தக் கோடிக்கு எதுக்குப் போனாரு?" அருள்மொழிக்குப் பதில் தெரியும். பாழாய்ப்போன வாய்தான் திறக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு அவளுடைய ஆபீசுக்கு வந்த வேலை அது. சாட்டிலைட் படங்களையும், விமானத்திலிருந்து எடுத்த பழைய போட்டோக்களையும் பார்த்து, பூமி இன்னும் அசைகிற வெடிப்புகள் கரையோரம் எங்கே ஓடுகின்றன என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். மரக்காணம் படத்தில் வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே, ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு கருப்புக் கோடு. வெடிப்பேதான் என்று சிவப்பு பென்சிலால் இழுத்துவிட்டாள். ஒரு முனை மட்டும் தண்ணீருக்குள் மறைந்து சந்தேகமாக இருந்தது. திங்கட்கிழமை வரைபடத்தைக் கொடுத்தாக வேண்டும். லீவு கிடைக்காது. அப்பாதான் அங்கேயே இருக்கிறாரே!

"நேரா போவுதா, எங்கியாவது வளையுதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுப்பா" என்று முந்தாநாள் போனில் இடத்தை விளக்கிச் சொன்னாள்.

"இதென்னா பெரிய விஷயம் பாப்பா, நாளைக்கே பார்த்துடுறேன்" என்றார் சக்கரபாணி.

உப்பளத்தின் கோடியில் சவுக்குக் குச்சிகள் தெரிந்தன. முப்பது அடிக்கு ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலும் பச்சைப் புடவைக் கிழிசல். சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்திருக்கலாம்; இந்த மனுஷன் அளந்து அளந்து நட்டிருக்கிறார்.

"என்னாண்ணே இதுன்னு கேட்டேன். 'எம்பொண்ணு மேலேருந்து பாக்குறா, நான் கீழேருந்து பாக்குறேன்'னு சிரிச்சாரு" என்றாள் பொன்னி. "உங்கம்மாகிட்ட சொல்லல கண்ணு."

அருள்மொழி எண்ணிக்கொண்டே நடந்தாள். இருபத்தேழு வரை அவள் இழுத்த கோடு போலவே நேர். அப்புறம் சட்டென்று திரும்பி வடக்கே நாலு குச்சி, மறுபடி மேற்கே ரெண்டு. பாத்தியைச் சுற்றி யாரோ எப்போதோ போட்ட கரை, கரைந்து, உமரிச்செடி முளைத்துக் கிடந்தது. பூமி இப்படி மூலை மடித்து வெடிக்காது. ஒரு பழைய வரப்புக்காக அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். நினைத்தும் அழுகை வரவில்லை.

கடைசிக் குச்சி நடப்படாமல் தரையில் கிடந்தது.

"இங்கதான்" என்றாள் பொன்னி.

கொல்லைக் குழாயடியில் அம்மா ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். மகள் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள்.

"எம் பொடவையாச்சே இது. நேத்து காலையில கிழிச்சிட்டிருந்தாரு. எதுக்குன்னு கேட்டா சொல்லல."

"நான்தாம்மா அவர அங்க அனுப்புனேன். என் வேலைக்கு. ஒரு கோட்டைப் பார்க்கச் சொல்லி."

ஞானாம்பாள் அந்தக் கிழிசலை விரலால் நீவிவிட்டாள்.

"முழுசா பார்த்துட்டாரா?"

"பார்த்துட்டாரும்மா."

அம்மா குடத்தைச் சாய்த்து மகள் தலையில் தண்ணீரை ஊற்றினாள். குச்சியிலிருந்த துணி நனைந்து, பச்சைச் சாயம் அருள்மொழியின் கையில் இறங்கியது.