முந்நூறு பெடல்கள்

பெட்டியிலிருந்து ஐந்து பிரேக் பெடல்களை எடுத்து, ஒவ்வொன்றாக வைஸ் இடுக்கியில் இறுக்கி, நெம்புவதற்கு நீளக் குழாய் மாட்டி அழுத்திப் பார்த்தாள் ஜெய்னப். மூன்று, வெல்டிங் வைத்த இடத்தில் முறுக்கு மாதிரி உடைந்து கையோடு வந்தன. ஐந்தில் மூன்று! மீதி முந்நூறும் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பதற்கு ஜோசியமா பார்க்க வேண்டும்?

சூளகிரிப் பக்கத்து அந்தத் தொழிற்சாலையில் அவள் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட். பைக்குகளுக்குப் போகும் பெடல்களைச் சோதிப்பது அவள் வேலை. தேறிய பெடலில் எஃகு அச்சை வைத்து, சுத்தியலால் ஒரு வட்டம் குத்த வேண்டும். தேறாததில் பெருக்கல் குறி. பெயிண்ட் என்றால் தின்னர் போட்டுத் துடைத்துவிடலாம். இரும்பில் விழுந்த குத்து ஜென்மத்துக்கும் போகாது.

மேனேஜர் ஹரீஷ்குமார் உடைந்த துண்டுகளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் கையில் ஒரு கவர் இருந்தது.

"ஏம்மா, பெங்களூர் வண்டி ஒரு மணி நேரமா நிக்குது. வட்டம் குத்தி அனுப்பும்மா."

"வெல்டிங் விட்டுப்போகுது சார். ஓங்கி மிதிச்சா பெடல் தனியா வந்துரும்."

"எல்லா கம்பெனியிலயும் நடக்கறதுதான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க. இந்தா பாரு, உன் பர்மனென்ட் ஆர்டர். என் கையெழுத்துதான் பாக்கி. வண்டி கெளம்புனதும் போட்டுடறேன்."

ஆறு வருஷம் காத்திருந்த காகிதம். அவளுக்கு ஆசை இல்லாமலா? கொள்ளை ஆசை. ஆனால் அதைக் காட்டி இதை வாங்கப் பார்க்கிறாரே என்று நினைத்ததும் பற்றிக்கொண்டு வந்தது. யார் வீட்டுப் பிள்ளையோ இதை நம்பி மிதிக்கும், இவருக்கென்ன போச்சு!

சுத்தியலை எடுத்தாள். டக், டக் என்று சத்தம் கிளம்பியதும் ஹரீஷ்குமாருக்கு வாயெல்லாம் பல். வழிக்கு வந்துவிட்டாள் என்று வெளியே போய், லாரி டிரைவரோடு நின்று சாவகாசமாக டீ குடித்தார். உள்ளே சத்தம் ஓயவேயில்லை. அவர் காதுக்கு அது இனித்தது. சத்தத்தைக் கேட்ட மனிதர், என்ன குத்துகிறாள் என்று எட்டிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து ஒரு பெடலைத் தூக்கினார். பெருக்கல் குறி. அடுத்ததிலும் அதுதான். குவியலைக் கலைத்துப் பார்த்தார், எல்லாவற்றிலும் அதுதான்.

"அடிப்பாவி! நிறுத்து! இந்த ஆர்டரை இப்பவே கிழிச்சுப் போட்டுடுவேன், தெரியுமா?"

"கிழிங்க சார்." அவள் அடுத்த பெடலை இழுத்துப் போட்டாள். "இன்னும் நாப்பது இருக்கு. வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லுங்க."